நாற்பத்தெட்டு இலக்கம்

லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு மெர்சி பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்ததோடு போன வாரம் அவர்களை விட்டிருந்தோம். எங்கே போகிறோம் என்று அவள் புருஷன் எபினேசருக்குத் தெரியும். அந்த இடத்துக்கு அவள் போய்விடக் கூடாது என்றுதான் அவன் இவ்வளவும் செய்து வைத்திருந்தான்.

செய்தது என்ன என்று மெர்சிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

லேப்டாப் சூடாகிச் சூடாகி அணைந்துகொண்டிருந்தது. "பார்த்திகிட்ட குடுத்தா ஒரு மணி நேரத்துல கிளீன் பண்ணிக் குடுத்துடுவான்" என்றாள் மெர்சி. "இத்துக்கு இன்னாத்துக்கு அவன்? நானே பாக்குறேன்" என்றான் எபினேசர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அங்கே ஷிப்ட் முடிந்தால் மெஷினுக்கு ஏர் அடிப்பார்கள். ஷூவுக்கு ஏர் அடிப்பார்கள். தலைமுடிக்குக்கூட ஏர் அடித்துத் தூசியைத் தட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அந்தப் பழக்கத்தில், லேப்டாப்பை டிபன் பையில் மறைத்துக் கொண்டுபோய், அடிமூடியைக் கழற்றி, ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து அழுத்தினான். காற்றோடு கம்ப்ரஸர் தண்ணியும் எண்ணெயும் சேர்ந்து சீறிக்கொண்டு வந்தன.

தினமும் காலையில் கம்ப்ரஸர் டாங்கின் அடிவால்வைத் திறந்து அந்தத் தண்ணியை வடித்துவிட வேண்டிய ஆள் வேறு யாருமில்லை, எபினேசர்தான். அன்றைக்கு அவன் வடிக்கவில்லை.

அதன்பிறகு லேப்டாப் உயிர் பெறவேயில்லை. "நான் அத்த தொறக்கவே இல்ல, நேரமே கிடைக்கல" என்று வீட்டில் சொல்லிவிட்டான்.

இன்று வெள்ளிக்கிழமை. தச்சூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வரைவாளர் வேலை. எழுத்துத் தேர்வில் மெர்சி தேறிவிட்டாள். மிச்சமிருந்தது இரண்டே பேர். கடைசித் தேர்வாகப் பதினோரு தாள் வரைபடம் கொடுத்திருந்தார்கள். மகள் ஏஞ்சல் தூங்கிய பிறகும், குக்கர் விசிலுக்கு நடுவிலும் மூன்று வாரம் உட்கார்ந்து அவள் அதை வரைந்திருந்தாள். மாலை நாலு மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அந்த இன்னொருவருக்கு.

அந்தப் பதினோரு தாளும் உயிரில்லாத பெட்டிக்குள் கிடந்தன.

கிளம்பும்போது ரோசம்மாள் வாசல்வரை வந்திருந்தாள். எபினேசரின் அம்மா.

"பார்த்தி தம்பி கைல குடு மெர்சி. எம் போன்ல ஞானப்பாட்டு அத்தினியும் அஞ்சு நிமிசத்துல ஏத்திக் குடுத்துச்சு. தங்கமான புள்ள."

"உனுக்குத் தங்கமா தெரியாத ஆளு எவன் கீறான்?" என்றான் எபினேசர்.

"நீதான்டா நைனா" என்றாள் ரோசம்மாள்.

மெர்சி சிரித்தாள். எபினேசர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான்.

*

ஸ்டேஷன் ரோட்டில் பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் பார்த்திபனின் ரிப்பேர் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் படியில் நிற்க வேண்டிய அளவுக்குத்தான் கடை. சுவர் முழுக்கக் கழற்றிப்போட்ட லேப்டாப்கள், மீன் கடையில் பிளந்து வைத்தவை மாதிரி.

பார்த்திபன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். "வா மெர்சி. வாங்கண்ணா."

அந்த 'அண்ணா'தான் எபினேசருக்குப் பிடிக்காது. அதில் குறை சொல்லவும் எதுவும் கிடையாது. மரியாதையான வார்த்தை. மரியாதை கொடுத்து ஒருவனை அறைக்கு வெளியே உட்கார வைக்க முடியும் என்பது அவனுக்கு இந்தக் கடையில்தான் தெரிந்தது.

மெர்சியும் பார்த்திபனும் ஐடிஐயில் இரண்டு வருடம் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே டிராயிங் போர்டில் இவள் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். தப்பாக எதுவும் கிடையாது என்று எபினேசருக்கே தெரியும். தெரிந்தும் எரிந்தது. அவர்கள் பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள். மீதி பாதி இருவருக்கும் தெரிந்திருக்கும். ஆறு வருடத்தில் எபினேசரிடம் மெர்சி ஒரு வாக்கியத்தையும் பாதியில் விட்டதில்லை. முழுதாகச் சொல்லி, புரிந்ததா என்று திரும்பவும் கேட்பாள்.

"எப்ப நின்னுச்சு?"

"திங்கக்கெழம. அதுக்கு முன்னாடி ஃபேன் சத்தம் வந்து..."

"மேல ஏறி எறங்கி."

"அதேதான்."

அடிமூடியின் திருகுகள் ஒவ்வொன்றாகக் காந்தத் தட்டில் விழுந்தன. மூடியைத் தூக்கிய பார்த்திபன் சட்டென்று நின்றான். குனிந்து மோந்து பார்த்தான். விரலால் போர்டின் ஓரத்தைத் தொட்டு, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தான்.

கடை வைப்பதற்கு முன் அவனும் சிப்காட்டில் மூன்று வருடம் கான்ட்ராக்டில் இருந்தவன். அந்த வாசனை அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

தலை நிமிர்ந்து எபினேசரை ஒருமுறை பார்த்தான். ஒரே ஒருமுறை.

"இன்னாச்சு பார்த்தி?"

"ஈரம் எறங்கிக்கீது" என்றான் பார்த்திபன். "உங்க பக்கம் ஏரிக் காத்து, உப்புக் காத்து. ஜன்னலோரம் வச்சிருப்ப. போர்டு போயிடுச்சு."

மெர்சி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப என் டிராயிங்?"

"அது வேற, இது வேற. ஊடு இடிஞ்சிட்டா உள்ள இருக்கற பீரோவும் போச்சுன்னா அர்த்தம்? பீரோவத் தூக்கினு வந்து வேற ஊட்ல வச்சு தொறந்து பாக்கலாம்."

உள்ளேயிருந்து சூயிங்கம் பட்டை அளவுக்கு ஒரு பச்சை அட்டையை உருவி எடுத்தான். துணியால் துடைத்து, ஒரு சின்ன உறைக்குள் செருகி, தன் கம்ப்யூட்டரில் சொருகினான். 

திரையில் ஒரு பெட்டி வந்தது. கீழே நீளமாக ஒரு காலிக் கட்டம்.

"சரியாப் போச்சு" என்றான் பார்த்திபன். "பீரோவுக்குப் பூட்டு கீது."

"நான் எந்தப் பூட்டும் போடலியே."

"நீ போட வேணாம். இப்ப வர்ற லேப்டாப்ல மொத நாள் கணக்கு தொறந்த ஒடனே தானா பூட்டிக்கும். அதே லேப்டாப்ல இருக்கற வரைக்கும் ஒண்ணும் கேக்காது. வெளில எடுத்தா சாவி கேக்கும். நாப்பத்தெட்டு நம்பர், ஆறு ஆறா எட்டு தடவ. அந்தக் கணக்குக்குள்ள போனா சாவி இருக்கும். யார் கணக்கு?"

மெர்சி திரும்பினாள். பார்த்திபனும் திரும்பினான். படியருகே நின்றிருந்த எபினேசர் மேல் நாலு கண்ணும் வந்து நின்றன.

அவர்கள் குடும்பத்தில் எல்லாம் அப்படித்தான். கேஸ் கனெக்ஷன், கரண்ட் அட்டை, தண்ணி கேன் காரரின் நோட்டு, எல்லாம் ஆம்பளை பேரில். லேப்டாப் வாங்கியது மெர்சிக்கு. கடைக்காரர் கேட்டது, "சார், உங்க பேரு? சார், உங்க நம்பர்?" மெர்சியும் அதை விநோதமாக நினைக்கவில்லை. திறக்க நாலு எண், அதை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். வேலைக்கு விண்ணப்பித்ததுகூட அதில் தானாகத் திறந்துகொண்ட எபினேசர் பேர் மெயிலிலிருந்துதான்.

"பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல" என்றான் எபினேசர். அது உண்மைதான். இன்றைக்கு அவன் சொன்ன முதல் உண்மை.

"பரவால்லண்ணா. மறந்துட்டேன்னு போட்டா உங்க போனுக்கு ஓடிபி வரும்." பார்த்திபன் தட்டினான்.

சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

எபினேசர் அசையவில்லை.

வரவில்லை என்று சொன்னால் போதும். பொய்கூட இல்லை, பாதிப் பொய். நாலு மணி தாண்டும். வேலை போகும். தச்சூர் பஸ் கிடையாது. சந்தேகம் கேட்க இந்த மாடிப்படி ஏறுவதும் கிடையாது. எல்லாம் போன மாதம் இருந்த மாதிரி இருக்கும். மெர்சி இரண்டு நாள் அழுவாள். அழுதால் தன்னிடம்தானே அழுவாள் என்று அவன் நினைத்தான். நினைத்தபோது அது இனிப்பாகக்கூட இருந்தது.

"வந்துச்சாண்ணா?"

"டவர் இல்ல போலக்குது."

 கீழே பிரியாணிக் கடையில் யாரோ பார்சல் எண்ணைக் கூவினார்கள். மெர்சி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எபி" என்றாள் மெதுவாக. "பாக்கெட்ல வெளிச்சம் தெரியுது."

வெள்ளைச் சட்டை. பழசாகி மெலிந்த துணி.

அவன் போனை எடுத்தான். "இப்பதான் வந்துக்கீது" என்றான். யாரும் மறுக்கவில்லை. மணி இரண்டு நாற்பது.

கணக்கு அவன் போனில் திறந்தது. தேடிப் பிடித்ததும் சாவி வந்தது, எட்டுக் கட்டமாக. பார்த்திபன் கீபோர்டை இழுத்தான்.

"நீ வேணா. மெர்சி அடிக்கட்டும்" என்றான் எபினேசர்.

பார்த்திபன் எழுந்து இடம் விட்டான். எபினேசர் வாசித்தான், மெர்சி அடித்தாள். நாற்பத்தெட்டு இலக்கம். கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை கவனமாக அவன் சொன்னதை அவள் கேட்டதில்லை என்று தோன்றியது. கடைசி ஆறைச் சொல்லும்போது முடிந்துவிடுகிறதே என்று அவனுக்கு இருந்தது.

பூட்டு திறந்தது.

*

உள்ளே நூற்றுக்கணக்கில் கோப்புகள். பார்த்திபன் பின்னாலிருந்து எட்டி, ஒன்றை நேராகத் தொட்டுக் காட்டினான். "இதானே?"

"அதேதான். எப்டிக் கண்டுபுடிச்ச?"

"வருசத்த முன்னாடி போட்டு, தேதியப் பின்னாடி போட்டுக்கீற. நம்ம வாத்தியார் சொல்லிக் குடுத்தது. நீ இன்னும் மாத்தலியா?"

மெர்சி சிரித்தாள். எபினேசருக்கு ஒன்று உறைத்தது. மூன்று வாரமாக அவள் என்ன வரைகிறாள் என்றே அவன் கேட்டதில்லை. படுக்கையிலிருந்து அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறான்.

வரைபடம் விரிந்தது. சிமென்ட் தூள் இறக்கும் புனல் தொட்டி, அதற்குக் கீழே மோட்டார், நாலு கால் வைத்த ஸ்டாண்டு. அவன் வாழ்க்கையே அந்த மாதிரிச் சாமான்களின் அடியில் மல்லாந்து படுத்துக் கழிந்தது. காகிதத்தில் அவை எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று பார்த்தான். எண்ணெய் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரு கோடு தன் இடத்தில் நிற்கிறது, இன்னொரு கோடு வந்து அதைச் சரியாகத் தொடுகிறது. இதையா இவள் அடுப்படியில் உட்கார்ந்து செய்தாள்?

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவன், நாலாவது தாளில் கையை வைத்தான்.

"இந்த மோட்டார் போல்ட்டுக்கு ஸ்பேனர் எப்டிப் போவும்?"

"போவும்ணா. நாப்பது மில்லிமீட்டர் எடம் விட்டுக்கீதே" என்றான் பார்த்திபன்.

"போவும். திருப்ப முடியாது. திருப்பச்சொல்ல இந்த ஸ்டாண்டு காலு கை முட்டியில இடிக்கும். ஃபிட்டர் காலங்காத்தால வரைஞ்சவன வாழ்த்துவான்."

மெர்சி அளவெடுத்தாள். இன்னொரு முறை எடுத்தாள். "ஆமா எபி" என்றாள். "காலத் தள்ளணும். ஏழாவது தாளும் மாறும்."

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டான் பார்த்திபன்.

அவள் ஏற்கெனவே வரைய ஆரம்பித்திருந்தாள். "இவ்ளோ தள்ளினா கை போவுமா?" "இன்னும் கொஞ்சம்." "இப்ப?" "இப்ப போவும். வாஷரும் போடலாம்." ஐம்பது நிமிடம் அவள் கேட்டதெல்லாம் எபினேசரைத்தான். பார்த்திபன் எழுந்துபோய் வேறொரு லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தான். எபினேசர் அவன் இருந்த இடத்தில் நின்றுகொண்டான். இந்த மாடி அவ்வளவு மோசமான இடமில்லை என்றுகூடத் தோன்றியது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு வரைபடம் போனது. விண்ணப்பம் போன அதே மெயிலிலிருந்து. போய்ச் சேர்ந்துவிட்டது என்று வந்ததும் மெர்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் சிரிப்பு.

"பார்த்தி, நீ இல்லன்னா இன்னிக்கு நான் அவ்ளோதான். நீயும்தான் எபி."

நீயும்தான். அந்த 'உம்' அவனைக் குத்தியது.

"அந்தப் பாழாப்போன உப்புக் காத்தால எவ்ளோ பேஜாரு" என்றாள்.

"இனிமே ஜன்னலோரம் வெக்காத" என்ற பார்த்திபன், எபினேசரைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

கேலியாகச் சிரித்திருந்தால் எபினேசர் தாங்கியிருப்பான். காலரைப் பிடித்திருக்கலாம். இது அப்படியில்லை. பரவாயில்லை அண்ணா, நான் சொல்லமாட்டேன் என்கிற சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் யாருக்கும் தெரியாமல் போடுகிறவனின் சிரிப்பு. இனி இவன் 'அண்ணா' என்று கூப்பிடும்போதெல்லாம் இந்தச் சிரிப்பும் கூடவே வரும். மெர்சிக்குத் தெரியாத ஒன்று தனக்கும் இவனுக்கும் நடுவில் வாழ்நாள் முழுக்க இருக்கும். இவன் போட்ட பிச்சையில் தன் குடும்பம் நடக்கும்.

அது முடியாது என்று எபினேசருக்குப் பட்டது. நல்லவனாக இருக்கிற இடத்தை இவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

"உப்புக் காத்து இல்ல" என்றான். "நாந்தான் ஏர் அடிச்சேன். கம்பெனில. கம்ப்ரஸர் தண்ணி உள்ள போயிடுச்சு."

பார்த்திபன் தலையைக் குனிந்துகொண்டான்.

மெர்சியின் கை முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "தொறக்கவே இல்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

"நாலு நாளா நான் அழுதுனு கீறேன். நீ பக்கத்துல உக்காந்துனு சோறு துன்ன." அவள் குரல் உயரவில்லை. "ஓடிபி வந்தது தெரிஞ்சுதான் நின்னுனு இருந்தியா?"

அவன் போனைச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"எதுக்கு எபி?"

"நீ இங்க வரக்கூடாதுன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் அதைப் பார்த்திபனின் கடையில், பார்த்திபன் முன்னால் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்தான். மெர்சியின் கழுத்து சிவந்தது. அவள் பார்த்திபன் பக்கம் திரும்பவேயில்லை. திரும்ப முடியாமல் அவன் செய்துவிட்டான். பத்து வருட சிநேகிதத்தில் இனி ஒவ்வொரு வார்த்தையையும் அவள் யோசித்துத்தான் பேச வேண்டும்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஏஞ்சல ஸ்கூல்லேர்ந்து கூட்டினு வரச் சொல்லி அத்தைகிட்ட நானே போன்ல சொல்லிக்கிறேன். நான் மீஞ்சூர் போறேன், எங்கம்மா ஊட்டுக்கு."

"மெர்சி, வண்டில..."

"ரயிலு கீது" என்றாள்.

*

அவன் படியிறங்கி ஸ்டேஷனுக்கு வருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. ஸ்டேஷன் கம்பி வேலிக்கு இப்பால் பைக்கின் மேல் சாய்ந்து நின்று, கடைசிப் பெட்டி கவரைப்பேட்டை பக்கம் சிறுத்துப் போவதைப் பார்த்தான்.

போன் அதிர்ந்தது. அவள்தான் என்று பதறி எடுத்தான்.

அவளில்லை. மதியம் திறந்த கணக்கு இன்னும் திறந்தே கிடந்தது. அதில் ஒரு கடிதம். தலைப்பில் மெர்சியின் பேர். வரைபடம் கிடைத்தது, நாளை காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவும். வருவதை இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்யவும், தவறினால் அடுத்தவரை அழைப்போம்.

மணி நாலு இருபத்தைந்து.

மெர்சியைக் கூப்பிட்டான். இரண்டு முறை மணி அடித்துத் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டான். முதல் மணியிலேயே துண்டித்தாள். செய்தி அனுப்பினான், பார்த்ததாக அடையாளம் விழவில்லை. பைக்கில் போனாலும் மீஞ்சூருக்கு ஐந்து மணிக்குள் முடியாது.

'வருகிறேன்' என்று அவனே அடித்து அனுப்பிவிடலாம். அவன் பேர்க் கணக்குதானே. கட்டைவிரல் எழுத்துகளுக்கு மேல் வந்து நின்றது. அவளைக் கேட்காமல் அவள் பொருளில் கை வைத்து என்ன ஆனது என்பது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டான். வருவாளா என்றே அவனுக்குத் தெரியாது. மீஞ்சூரிலிருந்து எப்போது திரும்புவாள் என்றும் தெரியாது. சொல்ல வேண்டியது அவள்.

யார் கூப்பிட்டால் அவள் எடுப்பாள் என்பது மட்டும் தெரிந்தது. தெரிந்தும் நாலைந்து நிமிடம் அங்கேயே நின்றான்.

பிறகு கடைக்குத் திரும்பிப் படியேறினான்.

பார்த்திபன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். இந்த முறை அண்ணா என்று சொல்லவில்லை.

"உன் போன்லேர்ந்து அவளுக்கு ஒண்ணு போடு" என்றான் எபினேசர்.

"நான் இன்னா சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணா. போட்டு எங்கிட்ட குடு."

பார்த்திபன் போட்டான். போனை நீட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பித் தட்டிலிருந்த திருகுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ஒருமுறைதான் மணி அடித்தது. ரயில் சத்தம். அதற்கு நடுவில், அழுது கரகரத்த குரலில், எபினேசரிடம் அவள் ஒருநாளும் பேசியிராத தொனியில், பாதியில் நிற்கிற ஒரு வாக்கியம்.

"சொல்லு பார்த்தி. அவன் இன்னும் அங்கதான்..."

எபினேசர் வாயைத் திறந்தான்.

"பார்த்தி?" என்றாள் மெர்சி.